நாற்பத்தேழாம் முகவரி

நிற்க வேண்டிய எண் நிற்கவில்லை. திரையின் வலது ஓரத்தில், ஷாலின் எழுதிய விதிக்கு நேரே, அது எத்தனை முறை வேலை செய்தது என்று காட்டும் அந்தச் சின்ன எண், யாரோ நிதானமாகப் படியேறுவதைப் போல ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தது.

ஏறவே கூடாது. இன்று ஆயுதபூஜை. வல்லம் வடகால் எஸ்டேட் முழுக்க ஒரு கம்பெனியிலும் சைரன் கிடையாது. கார் கதவுக்குத் தகடு அடிக்கும் இந்தத் தொழிற்சாலையில் நேற்று மத்தியானமே பிரஸ்களைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, ஆளுக்கொரு பொரிப் பொட்டலத்தோடு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. பூஜை போட்ட மெஷினை மறுநாள் முழுக்கத் தொடக் கூடாது என்பது இங்கே எழுதாத சட்டம். எவனாவது மறந்துபோய்த் தொட்டுவிடப் போகிறான் என்று பிரஸ் ஷாப்பின் மெயின் சுவிட்சையே இறக்கி, அதற்கும் ஒரு பொட்டு வைத்திருந்தார்கள். கரண்டே இல்லாத ஹாலிலிருந்து யார் சர்வரைக் கூப்பிடுவது என்று அவளுக்குப் புரியவில்லை.

சாமி கும்பிடுகிற அத்தனை பேருக்கும் லீவு. கும்பிடுகிற சாமி வேறு என்பதால் ஷாலினுக்கு டூட்டி. "உங்களுக்குத்தான் பூஜை இல்லியே ஷாலின், நீ வந்துடு. கிறிஸ்துமஸுக்கு எடுத்துக்க," என்று ஐ.டி. மேனேஜர் ரகுபதி போன வாரம் சொன்னார். கிறிஸ்துமஸ் வரும்போது வேறு ஏதாவது ஒன்று வரும் என்று இருவருக்குமே தெரியும். அவள் இங்கே சேர்ந்து நாலைந்து மாதம்தான் ஆகிறது. அவளுக்குக் கொடுத்த நாற்காலி அந்த அறையில் யாரோ ஒருவருடைய மச்சினனுக்காகக் காத்திருந்த நாற்காலியாம். அந்தப் பாவத்துக்கு அன்றிலிருந்து யாரும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. கேன்டீனில் அவள் தட்டோடு வந்து உட்கார்ந்தால் மேசை தானாகக் காலியாகும்.

வேலை என்னவோ சின்னதுதான். பிரஸ் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு டேப்லெட் மாட்டியிருக்கும். அதில் எப்போதும் லைன் பக்கம் என்று ஒரு வெப் பக்கம் திறந்திருக்கும். ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் அதில் ஒரு கட்டம், கட்டத்துக்குள் ஆபரேட்டர் பெயர், கீழே ஹெல்ப் என்று ஒரு சிவப்புப் பட்டன். தகடு சிக்கினாலோ கை சிக்கினாலோ பட்டனைத் தொட்டால் சூப்பர்வைசர் மேசையில் மணி அடிக்கும். இதையெல்லாம் தாங்கி நின்ற பழைய சர்வர் இழுத்துக்கோ பறிச்சுக்கோ என்று கிடந்தது. புதியது வாங்கியாயிற்று. ஆனால் டேப்லெட் ஒவ்வொன்றிலும் பழைய சர்வரின் முகவரிதான் ஏற்றியிருக்கிறது, ஒவ்வொன்றாக மாற்ற நேரமில்லை. அதனால் எல்லா டிராஃபிக்கும் கடந்து போகிற ஃபயர்வாலில் ஒரே ஒரு விதி எழுதச் சொன்னார் ரகுபதி. பழைய சர்வரைத் தேடி வருகிறவர்களை எல்லாம் புதிய சர்வரிடம் திருப்பி அனுப்பு.

ரோட்டில் டேக் டைவர்ஷன் போர்டு வைப்பது போலத்தான். ஒரே வித்தியாசம், போகிறவனுக்குத் தான் வேறு இடத்துக்குப் போனதே தெரியாது. பதில் தருகிறவன் வேறு ஆளாக இருந்தாலும், கேட்டவன் யாரைத் தேடிப் போனானோ அவர் பெயரிலேயே பதில் திரும்பி வரும். இந்தத் தொழிலில் இது அன்றாடம் நடக்கிற சங்கதி. ஷாலின் இதுபோல எத்தனையோ எழுதியிருக்கிறாள்.

புதிய சர்வருக்கு முகவரி வேண்டும் என்று அதை விற்ற வெண்டர் கேட்டபோது அவள்தான் தேடிக் கொடுத்தாள். வரிசையாக எல்லா முகவரிகளையும் தட்டிப் பார்த்தாள். பிரஸ் எண்ணையே முகவரியாகக் கொண்ட பிரஸ் ஷாப் வரிசையில் நாற்பத்தேழு மட்டும் பதில் சொல்லவில்லை. ஆளில்லாத வீடு என்று எடுத்துக் கொடுத்துவிட்டாள். இன்று மத்தியானம் விதியைப் போட்டு, லேப்டாப்பில் லைன் பக்கத்தைத் திறந்தபோது அது அழகாகத் திறந்தது. எல்லாக் கட்டமும் சாம்பல் நிறத்தில் தூங்கிக்கொண்டிருக்க, நாற்பத்தேழு என்று ஒரு கட்டம் மட்டும் பச்சையாக இருந்தது. ஆபரேட்டர் பெயர், அன்பு. வெண்டர் டெஸ்டுக்குப் போட்டிருப்பான், கழுதை அழிக்காமல் போயிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

வேலை முடிந்தது, வீட்டுக்குக் கிளம்பலாம் என்று பையை எடுத்தபோதுதான் அந்த எண் ஏறுவதைப் பார்த்தாள்.

விட்டுவிட்டுப் போகலாம்தான். நாளைக் காலை ஃபர்ஸ்ட் ஷிஃப்டில் லைன் நின்றால் ரகுபதி வாயில் விழ வேண்டும். ஆனால் வடக்குப்பட்டில் வாடகை வீட்டில் ஜாய் தனியாக இருக்கிறாள். எட்டு வயது. புருஷன் நிர்மலுக்கு ஒரகடத்தில் வேறு கம்பெனியில் ஓ.டி. அங்கே ஃபோனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் லைனுக்குள் விடுவார்கள், ராத்திரிவரை கூப்பிட்டுப் பிரயோஜனமில்லை. எப்போதும் பார்த்துக்கொள்கிற பக்கத்து வீட்டு மரகதம் அக்கா பூஜைக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இருட்டுவதற்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லித்தான் ஷாலின் கிளம்பினாள். பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டு வந்தது காலையிலிருந்து நெஞ்சுக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. நல்லவேளை, ஜாயிடம் ஒரு பழைய ஃபோன் இருந்தது, மத்தியானம் முழுக்க வாட்ஸ்அப்பில் இரண்டு பேரும் பேசிக்கொண்டேதான் இருந்தார்கள்.

ஐ.டி. அறை பிரஸ் ஷாப்புக்கு மேலே, இரும்புப் படி ஏறினால் வரும் கண்ணாடிக் கூண்டு. அங்கிருந்து குனிந்து பார்த்தால் ஹால் முழுக்கத் தெரியும். மழை இருட்டு கட்டியிருந்தது. கூரையில் அங்கங்கே பதித்த ஃபைபர் ஷீட் வழியாக அழுக்கு வெளிச்சம் இறங்கி, பிரஸ்களின் தோள்மேல் மட்டும் படிந்திருந்தது. அவற்றின் நெற்றியில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. வாடிய வாழையிலை, கற்பூரம், பிரஸ் ஆயில் எல்லாம் கலந்த ஒரு புளித்த வாடை ஏ.சி. வழியாக அறைக்குள்ளும் வந்தது. டேப்லெட் ஒன்றுகூட எரியவில்லை. அவள் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வந்து உட்கார்ந்தாள்.

எண் ஏறியிருந்தது.

யார் கூப்பிடுகிறார்கள் என்று பதிவைத் திறந்தாள். வந்தது பிரஸ் ஷாப்பிலிருந்து அல்ல. கம்பெனி வைஃபையில் இருக்கும் ஒரு ஃபோன். அந்த முகவரியைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அது அவளுடைய ஃபோன்தான்.

விதியை மறுபடி வாசித்தாள். தப்பு பளிச்சென்று தெரிந்தது. பழைய சர்வரைத் தேடி வருகிறவர்களை என்று எழுத வேண்டிய இடத்தில், யாரைத் தேடி என்பதையே விட்டுவிட்டிருக்கிறாள். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது. இப்போது இந்த ஃபயர்வாலைக் கடக்கிற வெப் டிராஃபிக் மொத்தமும், யாரைத் தேடிப் போனாலும் சரி, கழுத்தைப் பிடித்துத் திருப்பப்பட்டு நாற்பத்தேழுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. தகரக் கூரைக்கடியில் டவர் எடுக்காது என்பதால் அவள் ஃபோன் காலையிலிருந்து வைஃபையில்தான் இருக்கிறது. ஃபோன் எதையாவது தேடும்போதெல்லாம் எண் ஏறியிருக்கிறது. பேயுமில்லை பிசாசுமில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

விதியைத் திருத்தக் கை வைத்தவள் அப்படியே நின்றாள்.

மொத்த டிராஃபிக்கும் என்றால் வாட்ஸ்அப்பும்தான். மத்தியானத்திலிருந்து அவள் ஜாய்க்கு அனுப்பிய ஒவ்வொன்றும் வடக்குப்பட்டுக்குப் போகாமல் நாற்பத்தேழுக்குத்தான் போயிருக்க வேண்டும். அங்கே இருப்பது சும்மா ஒரு சர்வர். அதற்கு வாட்ஸ்அப் தெரியாது. போன செய்தி செத்துப்போயிருக்க வேண்டும். ஒரு டிக்கோடு நின்றிருக்க வேண்டும்.

ஃபோனை எடுத்தாள். எல்லாவற்றுக்கும் நீல டிக். எல்லாவற்றுக்கும் பதில்.

சாப்பிட்டியா பாப்பா என்று கேட்டிருந்தாள். சாப்பிட்டேன். என்ன பண்ற. சும்மா இருக்கேன். பயமா இருக்கா. இல்ல, நீ பயப்படாத. அவ்வளவு நேரமும் ஒரு கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு மறு கண்ணால் பார்த்துப் பார்த்துச் சிரித்த பதில்கள். இப்போது முதலிலிருந்து வாசித்தாள். நடுவில் ஒன்று. ஸ்கூல்ல அட்ரஸ் எழுதச் சொன்னாங்கமா, நம்ம வூட்டுக்கு எப்படி வரணும்னு சொல்லு. அதற்கு அவள் பொறுப்பாக அடித்து அனுப்பியிருந்தாள். வடக்குப்பட்டு பஸ் ஸ்டாப், சர்ச்சுக்கு எதிர் சந்து, கடைசி வீடு, பச்சை கேட்.

இன்று ஸ்கூல் லீவு. ஜாய்க்கு வீட்டு விலாசம் யூ.கே.ஜி.யிலிருந்தே மனப்பாடம்.

ஜாய் என்று மட்டும் அடித்தாள்.

என்னமா என்று உடனே வந்தது.

நம்ம ஸ்கூட்டி என்ன கலர்?

டைப் செய்கிறது என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. வெகு நேரம் வந்துகொண்டே இருந்தது, பெரிய கட்டுரை எழுதுவது மாதிரி. கடைசியில் வந்தது நாலு சொல். நீ இரு, பாத்துட்டு சொல்றேன்.

ஷாலின் ஃபோனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். விதியைத் திருத்தவில்லை. அடியோடு அழித்தாள். பட்டியல் காலியாயிற்று. காலியான இடத்தைப் பார்த்துக்கொண்டே மூச்சு விட்டாள்.

கவிழ்ந்த ஃபோன் மேசைமேல் ஒருமுறை அதிர்ந்தது. திருப்பினாள்.

ஏம்மா அழிச்ச?

அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி சுவரில் போய் மோதியது. என்ன ஏது என்று யோசிக்கிற மூளை அவளுக்கு அப்போது இல்லை. ஆனால் இத்தனை வருஷம் பார்த்த வேலை கைகால்களுக்குத் தெரிந்திருந்தது. விதியை அழித்தும் பதில் வருகிறதென்றால், பதில் சொல்கிற பெட்டியின் ஒயரைப் பிடுங்க வேண்டும். புதிய சர்வர் கீழே, ஹாலின் அந்தக் கோடியில், பேனல் ரூமில் இருக்கிறது. அதைத் தாண்டினால் ஷட்டர், ஷட்டரைத் தாண்டினால் கேட், கேட்டில் டவர் எடுக்கும். போகிற வழிதான். பிடுங்கிவிட்டு ஓடி, சொந்த டவரில் ஜாயைக் கூப்பிட வேண்டும். என் பிள்ளை குரலை நான் கேட்க வேண்டும். அது ஒன்றுதான் அவள் மனசில் இருந்தது.

இரும்புப் படி ஒவ்வொன்றும் அவள் செருப்புக்குக் கீழே மணியடித்தது. ஹாலுக்குள் இறங்கியதும் சத்தம் மாறியது. இத்தனை பெரிய இடத்தில், இரவு பகலாகத் தகடு அடித்து அடித்துக் காது செவிடாகிற இடத்தில், இப்போது அவள் மூச்சு மட்டும் கேட்டது. இரண்டு பக்கமும் பிரஸ்கள் அவளைவிட மூன்று ஆள் உயரத்தில் நின்றன. எல்லாம் வாயைத் திறந்தபடி இருந்தன. பூஜைக்காக மேல்தாடையைத் தூக்கி நிறுத்தி, உள்ளே ஒவ்வொன்றின் நாக்கிலும் ஒரு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். நேற்று கூட்டத்தோடு பார்த்தபோது அழகாக இருந்தது. இன்று அந்த வாய்களுக்கு நடுவே தனியாக நடப்பது வேறாக இருந்தது.

எங்கோ காற்றுக் குழாய் ஒன்று ஸ்ஸ் என்று விட்டது. நின்றது. அவள் நிற்கவில்லை.

நாற்பத்தாறு என்று எழுதிய பிரஸ்ஸைத் தாண்டினாள். அடுத்தது நாற்பத்தெட்டு. நடுவில் ஒரு மெஷின் நிற்கிற அளவுக்கு வெறும் தரை. நாலு மூலையிலும் அறுத்த போல்ட்டுகளின் அடிக்கட்டை. அந்த வெறும் சிமென்ட் தரைக்கும் சந்தனம் தெளித்து, குங்குமம் வைத்திருந்தார்கள். தலைவாழை இலை ஒன்றில் பொரியும் கடலையும். எந்த மெஷினுக்கும் இத்தனை பெரிய இலை போடவில்லை. பொரியில் பாதி தின்றிருந்தது. எலியாக இருக்கும். எலிதான்.

பேனல் ரூம் கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. ஃபோன் டார்ச்சை அடித்தாள். தனி லைன் கரண்டில் ஓடும் பழைய சர்வர், ரேக்கில் பச்சை விளக்கோடு முனகிக்கொண்டிருந்தது. புதிய சர்வரைத் தேடினாள். ரேக்கில் அதற்கு விட்டிருந்த இடம் ஓட்டையாக இருந்தது. வெளிச்சத்தைக் கீழே இறக்கினாள்.

தரையில் ஒரு அட்டைப்பெட்டி. நாலு பக்கமும் ஒட்டிய டேப் கிழிபடவில்லை. மேலே யாரோ பயபக்தியோடு சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு முழம் பூவும் சுற்றியிருந்தார்கள். பெட்டியைப் பிரித்து மாட்டாமலே பூஜை போட்டுவிட்டிருக்கிறார்கள். பொட்டு வைத்ததைப் பார்த்து, மாட்டியாகிவிட்டது என்று ஒருவன் ரகுபதியிடம் சொல்லியிருப்பான். ரகுபதி அவளிடம் சொன்னார். இங்கே எல்லாம் அப்படித்தான் நடக்கும். பூஜை ஆகிவிட்டால் வேலை ஆகிவிட்டது என்று கணக்கு.

பிடுங்குவதற்கு ஒயரே இல்லை. நாற்பத்தேழில் யாரும் இல்லை. லைன் பக்கத்தைத் திறந்து கொடுத்தது யார்? ஜாயாகப் பதில் சொன்னது யார்?

கையிலிருந்த ஃபோன் அடித்தது. ரகுபதி. வாட்ஸ்அப் கால். அந்த மனுஷனுடைய சிடுசிடு குரல்கூட அந்த நேரத்தில் அவளுக்கு வேண்டியிருந்தது. யோசிக்காமல் எடுத்துவிட்டாள்.

"சார், சர்வர் மாட்டவே இல்ல சார். பொட்டி பிரிக்காம கீது. ஏதோ தப்பா நடக்குது சார், நான் வூட்டுக்குப் போறேன்."

"தெரியும்மா," என்றார் ரகுபதி.

அவர் அவளை அம்மா என்று சொன்னதே இல்லை. குரல் மெதுவாக, இதமாக இருந்தது. பின்னால் எந்தச் சத்தமும் இல்லை.

"நீ அவசரப்படாத. அங்கயே இரு. நான் ஜாய்கிட்ட பேசிட்டேன். நல்ல புள்ள."

ஷாலினுக்குப் பிள்ளை இருப்பதே ரகுபதிக்குத் தெரியாது. அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

ஃபோனைக் காதிலிருந்து எடுத்தாள். வைஃபையை அணைத்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடி வந்தவள் மேல் ஒரு டார்ச் வெளிச்சம் நேராக விழுந்தது.

"இன்னா மேடம் இங்க பண்ற? அங்க நிக்காத. நகுந்து வா இப்டி."

செக்யூரிட்டி கோதண்டம். அவளைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆள். காலைக் குனிந்து பார்த்தாள். ஓடி வந்த வேகத்தில் அந்த வெறும் தரையின் மேல்தான் நின்றுகொண்டிருந்தாள். பொரி அவள் செருப்புக்கடியில் நொறுங்கியிருந்தது. எகிறிக் குதித்து இந்தப் பக்கம் வந்தாள்.

"அண்ணா, நாப்பத்தேழுன்னா யாருண்ணா? அன்புன்னு ஒரு ஆளு."

கோதண்டம் டார்ச் வெளிச்சத்தை அந்த வெறும் தரையிலிருந்து விலக்கினார். "அந்தப் பேர உனுக்கு யாரு சொன்னா?"

"சொல்லுங்கண்ணா."

"இன்னாத்த சொல்ல. இங்க ஓட்னவன் தான். பிரஸ்ல மாட்டிக்கினான். ஒரு கையி உள்ள. இன்னொரு கையால ஹெல்ப் பட்டன அமுத்திக்கினே இருந்துகிறான் பாவம். அன்னிக்கி பாத்து உங்க சர்வர் படுத்துக்கிச்சி. யாருக்கும் மணி அடிக்கல. டீ டைம் முடிஞ்சி வந்து பாக்கசொல்ல உசுரு இருந்துச்சி. வூட்டுக்குப் போவணும், வூட்டுக்குப் போவணும்னு அத்தயே சொல்லிக்கினு இருந்தான். அதோட செரி. மெஷின எடுத்துட்டாங்க. அந்த நம்பர டோக்கனுக்கு வெக்க மாட்டாங்க, லாக்கருக்கு வெக்க மாட்டாங்க. எதுக்குமே குடுக்க மாட்டாங்க. புச்சா யாரு வந்தாலும் மொத நாளே சொல்லிப்புடுவாங்களே. உனுக்கு யாரும் சொல்லலியா?"

அவளிடம் யார் பேசினார்கள், சொல்வதற்கு? அந்த அறையில் வேண்டாத நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளுக்கு, அந்த எண்ணைத் தொடாதே என்று ஒரு வார்த்தை சொல்ல ஒருத்தனுக்கும் நாக்கு எழவில்லை. அழக்கூட நேரமில்லை.

"வூடு எங்கண்ணா அவருக்கு?"

"வாடகை வூடு தான், எங்கியோ. அவன் போனதும் பொண்டாட்டி புள்ளய இட்டுக்கினு ஊர காலி பண்ணிட்டா. இப்ப அவன் போவணும்னாலும் போறதுக்கு வூடு ஏது."

ஷாலின் ஓடினாள்.

ஷட்டர். மழைத்தூறல். உடைத்த பூசணிக்காயில் கால் வழுக்கியது. கையூன்றி எழுந்தாள். உள்ளங்கை முழுக்கக் குங்குமச் சேறு. கேட். ஃபோனைத் தூக்கிப் பிடித்தாள். டவர் இல்லை. இன்னும் நாலடி. ஒரு கோடு வந்தது. போனது. மறுபடி வந்தது.

ஃபோன் அதிர ஆரம்பித்தது. நிற்காமல் அதிர்ந்தது. மத்தியானத்திலிருந்து அவளுக்கு வராமல் எங்கோ தேங்கிக் கிடந்தவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. ஜாயிடமிருந்து. நிஜமான ஜாயிடமிருந்து.

சாப்ட்டேன்மா.

சரிமா.

பச்ச கேட்ட தொறந்து வச்சிட்டேன்.

லைட்ட ஏன் ஆஃப் பண்ணணும்

சரி பண்ணிட்டேன்

அம்மா நீ நடந்தா வர

ஸ்கூட்டி என்ன கலர்னு உனுக்கே தெரியாதா 😂 ப்ளூமா

வாசல்ல சத்தம் கேக்குது நீயா

ஹை

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

இந்தக் கேள்விகளை எல்லாம் கேட்டது யார், இந்தச் 'சரிமா'க்கள் எல்லாம் யாருக்கு? ஜாயின் ஃபோனில் அவை எல்லாம் அம்மா என்ற பெயரில்தான் வந்திருக்கும். அம்மாவின் படத்தோடு வந்திருக்கும். பிள்ளை எதற்குச் சந்தேகப்பட வேண்டும்?

வீடியோ காலைத் தொட்டாள். குங்குமச் சேறு கண்ணாடியில் இழுத்தது. துடைத்தாள். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. கர்த்தரே, எடுக்கட்டும். எடுக்கட்டும். என் உயிரை எடுத்துக்கொள், பிள்ளை எடுக்கட்டும்.

எடுத்தாள்.

திரை இருட்டாக இருந்தது. பிறகு ஃபோன் வெளிச்சத்தில் ஜாயின் முகம் மட்டும் தெரிந்தது. நன்றாக இருந்தாள். கன்னத்தில் பவுடர் திட்டாக அப்பியிருந்தது. ஒரு பக்கம் சடை பின்னி முடிந்திருந்தது, மறு பக்கம் முடி விரித்துக் கிடந்தது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அண்ணாந்து திரையைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னாமா நீ," என்றாள் ஜாய். "பின்னாடி ஒக்காந்துக்கினே போன்லயும் வர."

ஓடு என்று ஷாலின் சொல்ல வேண்டும். சொன்னால் அவள் திரும்பிப் பார்ப்பாள். பார்க்கக் கூடாது. வாய் திறந்தது. மூச்சுதான் வந்தது.

"கை ஏன்மா இவ்ளோ சில்லுனு கீது?" ஜாய் கேட்டது ஃபோனை அல்ல.

அவளுடைய தலைக்குப் பின்னாலிருந்து, விரித்த முடிமேல், ஒரு கை மெதுவாக முன்னுக்கு வந்தது. கையென்று சொல்ல அதில் விரல்கள் இருந்தன. ஐந்தும் இருந்தன. சப்பாத்தி போலப் பரந்து, தகட்டின் கனத்துக்கு நசுங்கி, ஓரமெல்லாம் மேலே மடிந்திருந்தன. அந்த ஓரத்தில் சீப்பைச் செருகி வைத்திருந்தது. பிள்ளையின் நெற்றியை அளப்பது போல ஒருமுறை மூடி எடுத்தது. பிறகு வகிட்டைத் தேடியது.

ஜாய் கூச்சத்தில் நெளிந்து திரும்பப் பார்த்தாள். கை அவள் உச்சந்தலையில் அழுந்தி, முகத்தை நேராக ஃபோனைப் பார்த்துத் திருப்பி வைத்தது.

"ஆடாத பாப்பா," என்றது ஷாலினின் குரல், வடக்குப்பட்டு வீட்டுக்குள்ளிருந்து. "வகிடு கோணிக்கும்."